ஒன்பது சேலையும் ஒரு முந்தானையும்

பந்து எவ்வளவு தூரம் போனது என்று இப்போதெல்லாம் யாரும் சண்டை பிடிப்பதில்லை. தொலைக்காட்சியில் பேஸ்போல் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மட்டையில் பட்ட பந்து கூட்டத்துக்குள் விழுந்து, ஒருவர் கையிலிருந்த பொப்கோர்னைக் கொட்டிவிட்டு அதைப் பொறுக்குவதற்கு முன்பே திரையின் மூலையில் இலக்கம் வந்துவிடும். இத்தனை அடி. கதை முடிந்தது. கனடாவில், ஸ்ரௌவ்வில் நகரத்து எங்கள் வீட்டுச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு என் கணவர் அந்த இலக்கத்தை உரக்க வாசிப்பார், ஏதோ தானே அடித்தது போல.

போன மாதம் அவர் அப்படி வாசித்தபோது, பக்கத்தில் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து கேட்டார்: "அது எத்தினை சாறி?"

கணவர் சிரித்தார். மாமிக்கு வயது போய்விட்டது என்று நினைத்திருப்பார். நான் சிரிக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக என் நெஞ்சுக்குள் படுத்துக் கிடந்த வழக்கு ஒன்று அந்தக் கேள்வியோடு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

என் வயதுக்காரர்களே, கைப்பையில் கைபேசிக்குப் பக்கத்தில் நோவெண்ணெய்ப் போத்தலும் வைத்துக்கொண்டு திரிபவர்களே, உங்களிடம்தான் சொல்கிறேன். பிள்ளைகளிடம் சொன்னால் கூகிளில் தேடிப் பார்க்கிறார்கள். இது அங்கே இல்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வோபர்னில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தோம். லிப்டில் ஏறினால் எந்த மாடியில் இன்றைக்கு மீன், எந்த மாடியில் விரதம் என்று மூக்கே சொல்லிவிடும். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பூங்கா. அதில் ஒரு பேஸ்போல் மைதானம். செம்மண், வயிறு தள்ளிய கம்பி வலை, தூரத்தில் ஒரு மேப்பிள் மரம், மறுபக்கத்தில் ஊஞ்சல்கள். ஊஞ்சலுக்குக் கீழே கோடை முழுவதும் காயாத சேறு.

ஒன்பதாம் மாடியில் பெரியப்பா குடும்பம். எங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அவர். ஆகையால் எங்கள் வீட்டில் எந்த முடிவும் லிப்டில் ஒன்பதாம் மாடிக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் முடிவு. பெரியப்பா ஊரில் கிரிக்கெட் அம்பயராக இருந்தவர். வெள்ளைத் தொப்பியையும் நீள வெள்ளைக் கோட்டையும் பெட்டியில் வைத்துக் கனடாவுக்குக் கொண்டு வந்திருந்தார். குளிருக்குப் போடுகிற கோட்டைத்தான் கொண்டு வரவில்லை. கறிக்கு உப்புக் கூடிவிட்டால்கூட வாயால் சொல்லமாட்டார், ஒரு விரலை உயர்த்துவார். பெரியம்மா பானையோடு ஆட்டமிழந்து குசினிக்குப் போவார்.

அவர்களுடைய மகன், எனக்கு அண்ணன். பதினைந்து வயது. கையுறை, தொப்பி, வாயில் சுவிங்கம், பேஸ்போலுக்கு வேண்டிய சகலமும் அவனிடம் இருந்தது. ஒரு முறை அவன் அடித்த பந்து மேப்பிள் மரத்துக்கு மேலால் போனதாம். அடித்தது அந்த ஒரு முறைதான். ஆனால் பெரியம்மா அதைச் சொல்லச் சொல்ல, பந்து கிழமைக்குக் கிழமை இன்னும் கொஞ்சம் அப்பால் போய் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கோடையில் அது மார்க்கம் வீதியை எட்டியிருந்தது.

நான் சனிக்கிழமை தோறும் வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டு நிலவறையில் பரதநாட்டியம் படித்தேன். படித்தேன் என்பதை விட, அரைமண்டியில் நின்றேன் என்பதுதான் உண்மை. முழங்கால்களை இரண்டு பக்கமும் மடித்து, பாதி உட்கார்ந்தபடி, தொடை நடுங்க நடுங்க. அந்த நிலவறையின் நிலக்கரி நிறக் கம்பளமும் சலவைத்தூள் வாசமும் இப்போதும் என் முழங்காலில் இருக்கின்றன.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ரீச்சர் எல்லாரையும் வரிசையில் விட்டு மட்டையைக் கொடுத்தார். என் முறை வந்தபோது, பந்தடிப்பதற்கு எப்படி நிற்பது என்று தெரியாமல், தெரிந்த விதமாக நின்றேன். அரைமண்டியில். அடித்தேன். பந்து வகுப்பறைக் கூரைக்கு மேலால் போய்விட்டது. வகுப்பு முழுவதும் வாயைப் பிளந்தது.

"உனக்கு இப்படி நிற்க யார் சொல்லிக் கொடுத்தது?" என்று ரீச்சர் கேட்டார்.

"டான்ஸ் ரீச்சர்" என்றேன்.

"அவர் வேறு யாருக்காவது சொல்லிக் கொடுப்பாரா?"

அந்த ரீச்சர் கோடையில் பெண் பிள்ளைகளின் பேஸ்போல் அணி ஒன்றை நடத்தினார். பயிற்சி சனிக்கிழமை காலை. என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்கு அந்த அணியில் சேர வேண்டும் என்ற ஆசை, சோறு இறங்காத அளவுக்கு இருந்தது. அவர்களுக்கு மஞ்சள் நிறச் சட்டை. முதுகில் இலக்கம். என் முதுகில் அதுவரை யாரும் எதையும் எழுதியதில்லை.

அம்மா ரீச்சருக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்து, பிறகு சூட்கேசைத் திறந்துவிட்டார். அம்மா வீட்டில் வைத்துச் சேலை விற்றார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். கட்டிலுக்குக் கீழே இரண்டு சூட்கேஸ்கள். நீலத்தில் நைலோன் சேலைகள், நாளாந்தம் கட்ட. மண்ணிறத்தில் காஞ்சிபுரப் பட்டு. நீலத்தை யாரும் திறக்கலாம். மண்ணிறத்தைச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் அப்பாகூடத் தொடமுடியாது. நான் அதன் பூட்டைக்கூடத் தொட்டதில்லை. ரீச்சர் வந்த காரியத்தை மறந்து ஊதா நைலோன் சேலை ஒன்றுடன் எழும்பினார். வாசலில்தான் ஞாபகம் வந்து என்னைப் பற்றிக் கேட்டார்.

அவர் போன பிறகு அம்மா சொன்னார்: "சனிக்கிழமை டான்ஸ். உந்த வெயிலில நிண்டா கறுத்துப் போவாள். பந்து மூஞ்சையில பட்டா அரங்கேற்றம் ஆர் செய்யிறது?"

அப்பா பேப்பரை மடித்தார். "அண்ணையை ஒருக்காக் கேட்டுப் பாப்பம்."

லிப்ட் ஒன்பதாம் மாடிக்குப் போனது.

பெரியப்பா கண்ணை மூடி யோசித்தார். "சரி. முதல்ல இவள் என்ர பெடியனை விடத் தூரம் அடிச்சுக் காட்டட்டும். அடிச்சா விளையாடட்டும். இல்லாட்டி டான்ஸ். விளங்குதே?"

அம்மா உடனே தலையாட்டினார். நான் தோற்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதோடு விட்டிருந்தால் அம்மாவும் அந்தப் பக்கமாகவே இருந்திருப்பார். பெரியம்மா விடவில்லை.

"பாவம், பொம்பிளைப் பிள்ளை. கொஞ்சம் கிட்ட நிண்டு அடிக்க விடுவம்" என்றார்.

அம்மாவின் காதுத் தோடு ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தில் இருந்த தமிழர் பாதிப்பேர் பூங்காவுக்கு வந்துவிட்டார்கள். பாய், பிளாஸ்க், ரோல்ஸ், கொத்துரொட்டி. போட்டி முடிந்ததும் காட்டி விற்கலாம் என்று அம்மா இரண்டு சூட்கேசையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பெரியப்பா வெயிலில் வெள்ளைக் கோட்டோடு நின்றார். பேஸ்போல் மட்டையைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"மட்டையெண்டா ஒரு பக்கமாவது தட்டையா இருக்கவேணும். இது உலக்கை" என்று தீர்ப்புச் சொன்னார்.

பந்து எறிவதற்கு ரீச்சர் வந்திருந்தார். ஆளுக்கு எத்தனை பந்து என்று கேட்டார். "ஆறு. அதுதான் ஒரு ஓவர்" என்றார் பெரியப்பா. ஏன் ஆறு என்று ரீச்சருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. பந்து விழுந்த இடம்தான் கணக்கு, உருண்டு போனது கணக்கில்லை என்று இன்னொரு சட்டமும் போடப்பட்டது. விழுந்த இடத்தைப் பார்த்து அடையாளம் வைக்க அப்பா, கையில் குடையுடன் தூரத்தில் நிறுத்தப்பட்டார். இரவு வேலை முடித்துவிட்டு நேரே வந்தவர். நின்றபடியே தூங்கக்கூடியவர்.

அண்ணன் முதலில் அடித்தான். சில பந்துகள் காற்றோடு போயின, சில காலடியில் விழுந்தன. ஐந்தாவது நன்றாகப் பட்டது. மேப்பிள் மரத்தை நோக்கிப் போய், மரத்துக்கு இந்தப் பக்கம், நன்றாகவே இந்தப் பக்கம் விழுந்தது. எல்லாரும் மரத்தைப் பார்த்தார்கள், பிறகு பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா ரோல்ஸ் பார்சலைப் பிரிப்பதில் மும்முரமானார். அப்பா அந்த இடத்தில் தன் ஒரு செருப்பைக் கழற்றி வைத்தார்.

பிறகு நான். நான் அரைமண்டியில் நின்றதும் கூட்டத்தில் சிரிப்பு. யாரோ "தா தெய் தெய்" என்றார். ரீச்சர் எறிந்தார். முதல் பந்தை விட்டேன். அடுத்ததை விட்டேன். மூன்றாவதை அடித்தபோது கையில் ஒன்றுமே தெரியவில்லை. நல்ல அடி அப்படித்தான் என்று பிறகு சொன்னார்கள். காதில்தான் தெரிந்தது, காய்ந்த விறகு பிளக்கிற சத்தம். பந்து ஊஞ்சல் பக்கமாக ஏறி ஏறிப் போனது. அப்பா தலையை நிமிர்த்தியபடி பின்னால் ஓடி, ஒற்றைச் செருப்பில் சறுக்கி, சேற்றில் விழுந்தார். அவருக்குப் பக்கத்தில் பந்து 'சளக்' என்று புதைந்தது. படுத்தபடியே குடையை அந்த இடத்தில் குத்தினார்.

"ஐயோ, என்ர பிள்ளை!" என்று ஒரு கத்தல். பார்த்தால் அம்மா. பிளாஸ்க் மூடியிலிருந்த தேத்தண்ணி முழுவதும் சேலையில்.

செருப்பு இடது பக்கம், குடை வலது பக்கம். எது தூரம் என்று கண்ணால் சொல்லமுடியாது. பெரியப்பா காலடியால் அளக்கப் புறப்பட்டார். செருப்பு வரைக்கும் கோயில் வீதியில் நடப்பது போல அடி மேல் அடி வைத்துப் போனார். திரும்பி வந்து, குடையை நோக்கிக் காலை அகட்டி அகட்டி எடுத்து வைக்கத் தொடங்கினார்.

"அத்தான், நில்லுங்கோ."

அம்மாவின் குரல். பெரியப்பாவை அம்மா அதுவரை எதிர்த்துக் கதைத்ததே இல்லை. சுற்றிவர ரோல்ஸ் கடிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"அங்கால சாமி தூக்கின மாதிரி நடந்தீங்கள். இங்கால என்ன, வாய்க்கால் தாண்டுறீங்களே?"

பெரியப்பா ஒரு காலை முன்னால் வைத்தபடியே நின்றார். "அப்ப நீர் அளந்து காட்டும் பாப்பம்."

அளவுநாடா யாரிடமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றார் ரீச்சர். நாளைக்கு மழை என்றார் பெரியம்மா. அம்மா காரை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

"சாறி இருக்கேக்கை நாடா என்னத்துக்கு? ஒரு சாறி ஆறு யார். இதில ஆரும் பொய் சொல்லேலாது."

அந்த ஆறு கெஜத்தை மறுக்க அங்கே ஒருவராலும் முடியவில்லை. பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆண்கள் எல்லாரும் வாங்கிக் கொடுத்த கணக்கு. பெரியப்பா தொப்பியைச் சரி செய்து தலையாட்டினார்.

முதலில் நீல சூட்கேஸ் வந்தது. அண்ணன் நின்று அடித்த இடத்திலிருந்து செருப்பை நோக்கி, நைலோன் சேலைகளை ஒன்றின் நுனியோடு ஒன்று தொடுத்துப் பெண்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பச்சை, றோஸ், கத்தரிப்பூ. வீதியால் போன பஸ் மெதுவாகி நின்று, ட்ரைவர் கையசைத்துவிட்டுப் போனார். ஏதோ திருவிழா என்று நினைத்திருக்க வேண்டும். பத்தாவது சேலையின் நுனி செருப்பில் முட்டியது. பத்துச் சேலை.

இனி என்னுடையது. நைலோன் சேலைகள் புல்லில் குவிந்து கிடந்தன. அதையே தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வரவேண்டியதுதான். அம்மா அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு திரும்பிக் காருக்குப் போனார். வரும்போது கையில் மண்ணிற சூட்கேஸ்.

மூன்றாம் மாடிச் சென்னை அன்ரி பதறிவிட்டார். "அய்யய்யோ, பட்டுப் புடவைங்க! மண்ணாயிடும்ங்க!"

"நிலத்தில முட்டாமப் பிடியுங்கோ" என்றார் அம்மா.

முதல் சேலையின் நுனி என் கையில் தரப்பட்டது. அரக்கில் தங்கக் கரை. பூச்சி உருண்டை வாசமும் புதுப்பட்டு வாசமும். கை கழுவாத கை. அம்மா அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மயில் கழுத்து நீலம், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று வெயிலில் பட்டு நீண்டு நீண்டு போக, பூங்காவில் நாய் கொண்டு நடந்தவர்கள்கூட வந்து நின்று பார்த்தார்கள். சேற்றில் குளித்திருந்த அப்பாவை மட்டும் யாரும் கிட்ட விடவில்லை. ஒன்பது சேலை முடிந்தது. பத்தாவதைப் பிரித்தபோது, அதன் முந்தானையிலேயே குடை வந்துவிட்டது.

பெரியப்பா விரலை உயர்த்தினார். "ஒன்பது சாறியும் ஒரு முந்தானையும். பெடியன் வெண்டிட்டான்."

நான் அழுதேன். மானம் பார்க்காமல், மூக்கு ஒழுக, மைதானம் நடுவில் நின்று அழுதேன். மஞ்சள் சட்டை போய்விட்டது. அம்மா குடைக்குப் பக்கத்தில் நின்று அந்த முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடிக்கத் தொடங்கினார். "அழாத. டான்ஸ் இருக்குத்தானே" என்றார். புண்ணில் உப்பு என்றால் அதுதான். அண்ணன்தான் வந்து ஒரு சுவிங்கம் தந்து, "யூ கிரஷ்ட் இட்" என்று யாருக்கும் கேட்காமல் சொன்னான்.

அன்றைக்கு அம்மாவின் பட்டு முழுவதும் பூங்காவிலேயே விற்றுப் போனது. மயில் கழுத்து நீலத்தைப் பெரியம்மாவே எடுத்தார்.

கோடை முடிகிற நேரம் பெரியம்மா அந்தச் சேலையோடு ஏழாம் மாடிக்கு இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, உதில சட்டைத் துண்டும் சேத்தெல்லோ நெய்திருக்கு! தைக்கிறவள்தான் வெட்டிக் காட்டினவள். நைலோன் சாறியில உப்பிடி வாறேல்லைத்தானே?"

"பட்டெண்டா அப்பிடித்தான் அக்கா. எல்லாத்திலயும் கிடக்கும்" என்றார் அம்மா, தேத்தண்ணியை ஆற்றியபடி.

நான் மேசையில் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முள்ளுக்கரண்டி அப்படியே நின்றது. நைலோன் சேலை ஆறு யார். பட்டு, ரவிக்கைத் துணியும் சேர்ந்து, ஏறக்குறைய ஏழு யார். சேலைக்கு ஒரு யார் என்றால் ஒன்பது சேலைக்கு ஒன்பது யார். அது மட்டும் ஒன்றரைச் சேலை. என் பந்துதான் தூரம். என் பந்துதான்!

அறைக்குள் ஓடித் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை உலுப்பினேன். அவர் கட்டிலில் இருந்தபடியே விரல் விட்டு எண்ணினார், இரண்டாம் தடவையும் எண்ணினார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் அண்ணனோடு வாதாடுவதற்கு ஒன்பதாம் மாடிக்குப் போனார். லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியால் போனார். வந்தபோது லிப்டில் வந்தார்.

"விக்கெட்டைப் பிடுங்கின பிறகு தீர்ப்பை மாத்தேலாதாம்" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் அம்மா தானாகவே டான்ஸை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி என்னை அணியில் சேர்த்துவிட்டார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மஞ்சள் சட்டை கிடைத்தது. அந்தப் பருவம் முழுவதும் நான் அடித்ததில் மிக நீண்டது, அம்மாவின் கணக்கில், மூன்று சேலை இருக்கும். வளர்ந்துவிட்டேனோ, அரைமண்டி மறந்ததோ, அந்த அடி மட்டும் திரும்பி வரவே இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு அடி. அதுவும் எழுதப்பட்டது தோல்வி என்று.

அதனால்தான் வழக்கு. சேலை வியாபாரிக்குச் சேலையின் நீளம் தெரியாதா? அம்மா வேண்டுமென்றேதான் அந்த மண்ணிற சூட்கேசை எடுத்து வந்து, என்னை டான்ஸோடு கட்டிப் போட்டார் என்று நான் தீர்மானித்தேன். அடுத்த வருடம் சேர்த்தது குற்ற உணர்வில் என்றும் தீர்மானித்தேன். அரங்கேற்றப் படத்தில் நான் முறைத்துக்கொண்டு நிற்பதை எல்லாரும் நல்ல அபிநயம் என்பார்கள். அது அபிநயம் இல்லை. பெரியப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் மேன்முறையீடாவது செய்திருப்பேன்.

ஆகவே போன மாதம், கச்சான் கோதுகளுக்கு நடுவில், கேட்டே விட்டேன்.

"அம்மா, பட்டுச்சாறி நீளமெண்டு உங்களுக்கு அண்டைக்குத் தெரியும்தானே?"

அம்மா எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை. "சாறி விக்கிறவளுக்கு அது தெரியாதே? ஆனா அந்த நேரம் நினைப்பு வரேல்லை. குடையடியில முந்தானையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கைதான் பொறி தட்டினது. அதுக்குள்ள உன்ர பெரியப்பன் விரலைத் தூக்கிப்போட்டான். நாலு பேருக்கு முன்னால, நான் கொண்டந்த அளவு பிழையெண்டு நானே எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப ஏன் பட்டை எடுத்தனீங்கள்? நைலோன் அதில கிடந்ததுதானே, அதையே பிடிச்சிருக்கலாமே?"

அம்மா என்னை ஒரு விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உனக்கென்ன விசரே? என்ர பிள்ளை அப்பிடி ஒரு அடி அடிச்சிருக்கு. அதுக்குப் போய் நைலோன் சாறியே பிடிக்கிறது?"

முப்பது வருடக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கச்சான் கோதுகளைக் கூட்டி அள்ளினேன். கை கழுவாத கையால் பட்டைத் தொட விட்ட அந்த மனிசியை, நான் இத்தனை காலமும் எதிர்த்தரப்பில் நிறுத்தி வைத்திருந்தேன்.

கணவர் இதெல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். திரையில் இன்னொருவன் அடித்தான். பந்து விளக்குகளுக்கு மேலால் போனது, மூலையில் இலக்கம் வந்தது. அவர் கைபேசியில் கணக்குப் போடத் தயாரானார்.

"சொல்லுங்கோ மாமி, இதை எந்தச் சாறியில அளக்கிறது? நைலோனா, பட்டா?"

அம்மா இன்னொரு கச்சானை உடைத்தார்.

"அதை உவனைப் பெத்தவளைத்தான் கேக்கவேணும்."